உப்புக் காற்றில் ஒரு வகுப்பறை வண்டி: ஒரு வருடப் பழுதுக் கணக்கு

மூன்றாவது சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு டிவி பட்டென்று அணைந்தது. இன்வெர்ட்டர் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. வண்டிக்குள் இருந்த பதினான்கு பேரும் ஒரே குரலில் "ஓஓ..." என்றார்கள். தெருவில் கரண்ட் போனால் எழுமே, அதே சத்தம். பேட்டரியில் பச்சை விளக்கு எரிகிறது. சார்ஜ் இருக்கிறது என்று பேட்டரி சொல்கிறது, இல்லை என்று இன்வெர்ட்டர் சொல்கிறது. இரண்டில் எது பொய் என்று கண்டுபிடிக்க எனக்கு மறுநாள் மதியம் ஆகிவிட்டது.

அதற்கு முன்னால் வண்டிக் கதை. தூத்துக்குடியில் ஆம்ப்ளிஃபயர், மைக்செட் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த டீச்சர் ஒருவர், கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர், நான், ஆக மூன்று பேர். உப்பளங்களை ஒட்டிய குடியிருப்புகளில் பதினான்கிலிருந்து இருபது வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஒலிப்பதிவும் போட்டோவும் வீடியோவும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது டீச்சரின் யோசனை. அந்த வீடுகளில் செல்போன் இல்லாமல் இல்லை. வீட்டுக்கு ஒன்று, அதுவும் அப்பாவின் சட்டைப்பையில். பிள்ளைகள் கைக்கு வந்தால் படம் பார்ப்பதோடு சரி. டவுனுக்கு வந்து படியுங்கள் என்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். விடிவதற்கு முன்பே அம்மா அப்பா அளத்துக்குப் போய்விட, தம்பி தங்கையைக் கிளப்பி, தண்ணீர் பிடித்து, பள்ளிக்கூடமும் போய்விட்டு வருகிற பிள்ளைக்கு அதற்கெல்லாம் தெம்பு ஏது? வகுப்புதான் போக வேண்டும்.

1999இல் டெல்லி கால்காஜியில் ஒரு சுவரில் ஓட்டை போட்டு, கம்ப்யூட்டரைப் பதித்து, குடிசைப்பகுதிப் பிள்ளைகளை அவர்கள் பாட்டுக்கு விட்டுப் பார்த்தாரே சுகதா மித்ரா, அந்தக் கதையை டீச்சர் அடிக்கடி சொல்வார். மெக்கானிக் புத்தி எனக்கு வேறு மாதிரி ஓடும். அந்தச் சுவர் எங்கள் உப்பளத்தில் இருந்திருந்தால் மூன்று மாதத்தில் கீபோர்டு துருப்பிடித்துப் போயிருக்கும்.

வாங்கியது பழைய பன்னிரண்டு சீட் டிராவலர் வேன். இன்ஜின் நன்றாக இருந்தது, கதவுக் கீல் சரியில்லை. சீட்டைப் பிடுங்கிவிட்டு பெஞ்ச் போட்டுவிடலாம் என்று சுலபமாக நினைத்திருந்தேன். அப்படிச் செய்ய முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, ஆர்.சி.யில் எழுதியிருப்பதிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தினால் முன்கூட்டியே அனுமதி வேண்டும். இன்ஷூரன்ஸுக்கும் அது முக்கியம். இதைச் செய்ய நினைப்பவர்கள் வெல்டிங் பட்டறைக்குப் போவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போங்கள். நாங்கள் வரிசையை மாற்றிப் போட்டதில் ஒன்றரை மாதம் வண்டி கடை வாசலில் நின்றது. அதன் நிழலில் பக்கத்துக் கடைக்காரர் கருவாடு காயப்போட்டார்.

மின்சாரக் கணக்கு இப்படி. 32 அங்குல டிவி 50 வாட், பத்து போன்களுக்கு சார்ஜர் எல்லாம் சேர்த்து 60, ராஸ்பெர்ரி பை என்கிற கையகலக் கம்ப்யூட்டர் ஒன்று 6, விளக்கும் விசிறியும் 35. கூட்டினால் ஏறக்குறைய 150 வாட். மூன்று மணி நேரம் ஓட 450 வாட் மணி. 12 வோல்ட் 150 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரியில் காகிதப்படி 1,800 வாட் மணி இருக்கும். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு குறையும் என்பதால் 900 என்று வைத்துக்கொண்டேன். இரண்டு மடங்கு கையிருப்பு, போதும். கூரையில் 165 வாட் சோலார் பலகை இரண்டு. வெயிலுக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. பேட்டரியை வண்டிக்குள் வைத்ததால், சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜன் வெளியேற மரப்பெட்டி செய்து, அதன் மேல்பக்கத்திலிருந்து வண்டிக்கு வெளியே டியூப் போட்டேன். பிள்ளைகள் உட்காரும் இடம், அதில் விளையாட முடியாது.

கணக்கு சரியாகத்தான் இருந்தது, ஆனால் காற்றை அதில் சேர்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மீட்டரை எடுத்தேன். லோடு இல்லாமல் எங்கே வைத்தாலும் 12.6 வோல்ட். பழுதே இல்லாத வண்டி மாதிரிக் காட்டியது. பிறகு எல்லாவற்றையும் போட்டு ஓடவிட்டு அளந்தேன். பேட்டரி முனையில் 12.4. அங்கிருந்து நான்கடி தள்ளி இன்வெர்ட்டர் முனையில் 10.7. அந்த நான்கடிக்குள் 1.7 வோல்ட் எங்கேயோ ஒழுகுகிறது. கிளாம்ப் மீட்டர் 14 ஆம்பியர் காட்டியது. பெருக்கினால் ஏறக்குறைய 24 வாட், அதாவது என் கடையில் இருக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றின் சூடு. அந்தச் சூடு எங்காவது தெரியத்தானே வேண்டும்? வயரை விரலால் தடவிக்கொண்டே போனேன். ஃபியூஸ் ஹோல்டரில் கை வைத்ததும் சுரீர் என்றது. கழற்றிப் பார்த்தால் ஸ்பிரிங் கருத்து, செம்பு முனையில் மயிலிறகுப் பச்சையில் களிம்பு பூத்திருக்கிறது. வண்டி உப்பளத்துக்குப் போக ஆரம்பித்து மூன்றே வாரம்தான் ஆகியிருந்தது. டிவியில் வெளிச்சமான காட்சி வரும்போது கூடுதலாக ஒரு ஆம்பியர் இழுக்கும், வோல்ட் 10.5க்குக் கீழே இறங்கும், இன்வெர்ட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். பேட்டரியும் பொய் சொல்லவில்லை, இன்வெர்ட்டரும் சொல்லவில்லை.

வீட்டு வயரிங் செய்கிற பழக்கத்தில் சாதாரண செம்பு வயரைப் போட்டிருந்தேன். கடற்கரை வண்டிக்கு வெள்ளீயம் பூசிய செம்பு வயர்தான் சரி. முறுக்கிச் சொருகும் இணைப்பு எதுவும் கூடாது. வயர் முனையில் லக் என்கிற உலோகக் காதைப் போட்டு நசுக்கி, உள்ளே பசை வைத்த ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சூடுகாட்டிச் சுருக்கி, மேலே வாசலின் தடவ வேண்டும். கண்ணாடிக் குழாய் ஃபியூஸைத் தூக்கிவிட்டு போல்ட் போட்டு இறுக்கும் வகையை வைத்தேன். இப்போது அதே லோடில் விழுவது 0.2 வோல்ட்தான். சோலார் பலகையிலும் வெள்ளையாக ஒரு படலம் படிகிறது. வாரம் ஒருமுறை விடியற்காலையில் நல்ல தண்ணீரால் கழுவுகிறோம். நல்ல தண்ணீர் என்று எழுதும்போதே கூசுகிறது. அங்கே அது குடம் கணக்கில் வருகிற சாமான். அதனால் கடையிலிருந்தே ஒரு கேன் எடுத்துப் போகிறோம்.

தண்ணீர் என்றதும் நிறுத்துமிடம் ஞாபகம் வருகிறது. முதல் வாரம் புளியமர நிழல் பார்த்து வண்டியைப் போட்டோம். பாதி வகுப்பில் வயதான அம்மா ஒருவர் ஜன்னலில் தட்டினார். "யய்யா, படிப்பு நல்லதுதான். வண்டியக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க. தண்ணி லாரி திரும்புத இடம் இது." வெளியே பார்த்தால் நாற்பது குடம் வரிசையில் நிற்கிறது. அதற்குப் பிறகு லாரி வருகிற நாளைக் கேட்டுக்கொண்டுதான் வகுப்பு நாளை வைக்கிறோம். லாரி நாளில் பெண் பிள்ளைகள் யாரும் வர முடியாது என்பது எங்கள் மூவருக்கும் அதுவரை உறைக்கவே இல்லை.

அடுத்தது இரைச்சல். முதல் பாடமே ஒலிப்பதிவுதான். பாம்பனில் மீனவர்களுக்காக 90.4இல் ஒலிபரப்பாகும் கடல் ஓசை வானொலியைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு அந்த ஆசை. காமிராவுக்கு முன் வாய் திறக்காத பிள்ளைகூட மைக்கில் பேசும். காலர் மைக் ஆறு வாங்கினேன். போனில் சொருகினால் நான்கு வேலை செய்யவில்லை. பிளக்கைப் பார்த்தால் இரண்டு கறுப்பு வளையம்தான். போனுக்கு மூன்று வளையம் உள்ள நான்கு துண்டுப் பிளக் வேண்டும். மைக்செட் கடைக்காரனே இதில் ஏமாந்தான் என்று வீடியோ தம்பி இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்.

சரியான மைக் வந்த பிறகு "ம்ம்ம்ம்" என்று ஒரு முனகல். எங்கள் இன்வெர்ட்டர் மலிவு வகை. சுத்தமான சைன் அலை தராது, படிக்கட்டு மாதிரி வெட்டிய அலைதான் தரும். சார்ஜரில் மாட்டியபடியே பதிவு செய்தால் அந்த வெட்டெல்லாம் மைக்கில் ஏறிவிடும். சார்ஜரைக் கழற்றினால் மாயமாய்ப் போய்விடும். ஆகவே பதிவு செய்யும்போது போன் தன் பேட்டரியிலேயே இருக்க வேண்டும் என்று வண்டிக்குள் ஒரு சட்டம் போட்டோம். அன்றைக்குத்தான் எனக்கு இன்வெர்ட்டர் மேலேயே சந்தேகம் வந்தது. 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதைத் திரும்ப சார்ஜரில் 5 வோல்ட்டாக இறக்குகிறோம். இந்தப் பைத்தியக்காரத்தனம் எதற்கு? கார் சார்ஜர்களை நேரடியாக 12 வோல்ட்டில் மாட்டினேன். டிவியைத் தூக்கிவிட்டு, அடாப்டரில் 12 வோல்ட் கேட்கும் 24 அங்குல மானிட்டர் வைத்தேன். எங்களுடையது மாதிரி லெட் ஆசிட் பேட்டரி 11க்கும் 14.4க்கும் இடையில் ஆடும் என்பதால், வோல்ட்டை 12இலேயே நிறுத்த நடுவில் ஒரு டிசி கன்வெர்ட்டர். ஸ்பீக்கருக்கு 12 வோல்ட் கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயர் போர்டு. ஜூன் மாதம் இன்வெர்ட்டரைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். அதோடு முனகலும் போயிற்று, அதன் விசிறிச் சத்தமும் போயிற்று.

வெளியே காற்று. உப்பளம் என்றால் கண்ணுக்கு எட்டியவரை ஒரு மரம் கிடையாது. மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எழுந்தால் மைக்கில் படபடவென்று கொடி அடிப்பது போலக் கேட்கும். ஆடாசிட்டி என்கிற ஒலி எடிட்டிங் மென்பொருளில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது. பதிவாகும்போதே தடுப்பதுதான் வழி. பஞ்சு உறைக்கு மேல், பழைய கரடி பொம்மையின் தோலை உரித்து வெட்டித் தைத்தோம். அந்த பொம்மை ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளையின் தம்பியுடையது. அனுமதி பேச்சுவார்த்தை இரண்டு வாரம் நடந்தது. ஒரு கரடியில் ஏழு உறை தேறியது.

அந்த உறையோடு முதலில் வந்த நல்ல பதிவு பேச்சே இல்லாதது. பதினாறு வயதுப் பையன் ஒருவன் விடிகாலையில் அப்பாவோடு போய், பாத்தியில் பலகை போட்டு உப்பை வாரும் சத்தத்தை மட்டும் இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு வந்தான். சர்ர்ர் என்று ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், தண்ணீர் வடியும் சத்தம், மறுபடி இழுப்பு. பின்னால் யாரோ இருமுகிறார்கள். உப்புநீரின் அடர்த்தி மானியில் 25 டிகிரி (போமே) வாக்கில் வந்தால் உப்பு இறங்கத் தொடங்கும் என்று அவன் அப்பா சொல்லியிருக்கிறார். அவருக்கு மானி தேவையில்லை, காலை வைத்தாலே தெரியும் என்று அவன் பெருமையாகச் சொன்னான். அதையும் பதிவு செய்து வா என்று அனுப்பினோம். அப்பா மைக்கைப் பார்த்ததும் மேடைத் தமிழில் பேச ஆரம்பித்துவிட்டாராம். மூன்று முறை எடுத்தும் சரிவரவில்லை.

போட்டோ வகுப்பில் பாடம் நடத்தியது நாங்கள் அல்ல. உப்பு அம்பாரத்துக்கு முன்னால் ஆளை நிறுத்திப் படம் எடுத்தால், போன் அந்த வெள்ளையைப் பார்த்து மிரண்டு வெளிச்சத்தைக் குறைத்துவிடும். உப்பு சாம்பல் நிறமாகும், முகம் கரியாகும். வீடியோ தம்பி முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டச் சொல்லிக்கொடுத்தார். செய்தார்கள். முகம் தெரிந்தது, ஆனால் பின்னால் உப்பு வெறும் வெள்ளைத் துணியாகிவிட்டது. ஒரு பிள்ளை போனை நீட்டி, "எங்க அம்மா வாருன உப்பையே காணோம் அண்ணே" என்றாள். நியாயமான புகார்தான்.

அடுத்த வாரம் அவளே ஒரு படம் கொண்டு வந்தாள். தலையில் துண்டு, சேலைக்கு மேல் ஆண் சட்டை, வேலை முடிந்து நிற்கும் அம்மா. முகத்தில் ஒரு சுருக்கம்கூட விடாமல் தெரிகிறது, கண்ணுக்குக் கீழே நிழலே இல்லை. ஸ்டூடியோவில் வெள்ளைத் தெர்மாகோல் பிடித்து எடுத்தது மாதிரி. எப்படி எடுத்தாய் என்று தம்பி கேட்டார். "அம்மாவ அம்பாரத்தப் பாத்துத் திருப்பி நிறுத்துனேன். அது மூஞ்சில அடிச்சா கண்ணு கூசும்லா? அந்தக் கூசுத வெளிச்சந்தான்." பின்னணியில் அம்பாரம் இல்லை, கருநீல வானமும் காலிப் பாத்திகளும். உப்பு அம்மாவின் கண்மணியில் இரண்டு வெள்ளைப் புள்ளியாக இருந்தது. பகல் முழுக்கக் கண்ணைக் கெடுக்கிற அந்த வெளிச்சத்தை அவள் லைட்டாகப் பயன்படுத்தியிருக்கிறாள். தம்பி அன்றிலிருந்து தெர்மாகோலை வண்டியில் ஏற்றுவதில்லை.

ராஸ்பெர்ரி பை பற்றிச் சுருக்கமாக. அதில் கிவிக்ஸ் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியாவை இணையம் இல்லாமல் படிக்கும்படி வைத்திருந்தேன். ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுரைகள். பிள்ளைகள் முதலில் தேடியது தங்கள் ஊர்ப்பெயரை. கிடைக்கவில்லை என்றதும் மூடிவிட்டார்கள். வண்டி வைஃபையில் சேர்ந்தால் போன் "இணையம் இல்லை" என்று சொல்லித் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். டேட்டாவை அணைத்தால்தான் நிற்கும். பத்து வகுப்புகளுக்குப் பிறகும் இதைத் தினமும் சொல்ல வேண்டியிருக்கிறது. சாவியைத் திருப்பி எல்லாவற்றையும் ஒரேயடியாக அணைத்ததில் மெமரி கார்டு இரண்டு முறை செத்தது. கார்டில் எழுதாமல் ஓடும் ஓவர்லே முறைக்கு மாற்றி, பிள்ளைகளின் கோப்புகளுக்குத் தனியாக ஒரு எஸ்.எஸ்.டி. வைத்த பிறகு சாவு இல்லை. மே மாதம் டேஷ்போர்டு மேல் வைத்திருந்தபோது சூடு 80 டிகிரியைத் தொட்டு வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. இப்போது பெஞ்சுக்குக் கீழே இருக்கிறது.

லேப்டாப் நான்கு வைத்திருந்தோம். எல்லாம் யாரோ கொடுத்த பழசு. பேட்டரி ஒன்று உப்பியே இருந்தது. எடிட்டிங்கைப் பெரிய திரையில் முறையாகக் கற்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ஆனால் வண்டி போன பிறகு வீட்டில் எதில் செய்வார்கள்? டீச்சர் இந்தக் கேள்வியைக் கேட்டு மூன்று மாதம் கழித்துத்தான் எனக்கு ஏறியது. லேப்டாப்பை இறக்கிவிட்டோம். போனிலேயே வெட்டு, போனிலேயே ஒட்டு. முடித்த படத்தை அங்கேயே வண்டி வைஃபையில் அப்பாவின் போனுக்கு ஏற்றி அனுப்புகிறோம், டேட்டா செலவில்லை. வண்டி இப்போது தொடங்கியதைவிட எடை குறைவு.

வகுப்பில் பாதி நேரம் எடுப்பதற்கு, பாதி வந்ததைச் சோதிப்பதற்கு. ஒருநாள் ஒரு பையன் கடல் உள்வாங்கிய வீடியோ ஒன்றைக் காட்டினான். "நம்ம கடற்கரை, இன்று காலை" என்று மேலே எழுதியிருந்தது. 2004 சுனாமியைப் பார்த்த பெரியவர்கள் இருக்கிற ஊரில் இது சும்மா விளையாட்டில்லை. பக்கத்து வீட்டில் ஒரு ஆத்தா துணிமூட்டை கட்டத் தொடங்கியிருந்தாராம். டீச்சர் தேடுபொறியில் படத்தைத் திருப்பித் தேடுவதைச் சொல்லிக்கொடுக்கத் தயாரானார். அதற்குள் மீன்பிடிக் குடும்பத்துப் பையன் ஒருவன் வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கி, "டீச்சர், இது நம்ம ஊரு வள்ளம் இல்ல. அணியம் இப்படி வளைஞ்சிருக்காது" என்றான். அணியம் என்றால் வள்ளத்தின் முன்முனை. பிறகு தேடியபோது அதே காட்சி பல வருடங்களுக்கு முன்பே வேறெங்கோ வலம்வந்தது என்று தெரிந்தது. பையன்கள் நேரே அந்த ஆத்தா வீட்டுக்கு ஓடினார்கள். மூட்டையை அவிழ்க்க வைக்க வள்ளக் கதைதான் உதவியது. தேடுபொறி என்ன சொல்லிற்று என்று ஆத்தா கேட்கவே இல்லை.

யூடியூபில் போடலாம் என்று பிள்ளைகள் கேட்காத வாரம் கிடையாது. சின்னப் பிள்ளைகள் முகம் தெரிகிற எதையும் வெளியே போட மாட்டோம் என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். வாங்கின பேர் கொஞ்சம் கெட்டதுதான், "பயந்தாங்கொள்ளி அண்ணே" என்கிறார்கள். அளத்துக்குள் காமிரா கொண்டு போவதற்கும் ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் போகிறோம். ஒரு இடத்தில், கூலிப் பிரச்சினையைப் படம் பிடிக்க வந்தவர்களோ என்று எங்களைச் சுற்றி நின்றுவிட்டார்கள். அன்று மைக் எதுவும் வெளியே வரவில்லை. டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். அந்த வகுப்பு இன்னும் பாக்கி இருக்கிறது.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பு வேலை நின்றுவிடும். பெரியவர்களுக்கு வருமானம் இல்லை, வேலைக்குப் போகிற பையன்களுக்கு நேரம் நிறைய இருக்கும். வகுப்பு நடத்த இதைவிட நல்ல காலம் கிடையாது. ஆனால் அப்போதுதான் அளத்துப் பாதை குழைந்து வண்டி புதைகிறது. போன நவம்பரில் பின்சக்கரம் அச்சுவரை இறங்கி, டிராக்டர் கட்டி இழுத்தோம். அதையும் ஒருத்தி வீடியோ எடுத்திருக்கிறாள். நான் சகதியில் வழுக்கி உட்கார்ந்த இடத்தில் ஸ்லோமோஷன் போட்டு, பின்னணிக்கு அந்த உப்பு வாரும் சத்தத்தைச் சேர்த்திருக்கிறாள்.

இந்த மழைக்கு வண்டியைத் தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, பேட்டரியும் ஸ்பீக்கரும் போன்களும் மட்டும் ஒரு தள்ளுவண்டியில் உள்ளே போகப் போகின்றன. டியூபுலர் பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல், அதைச் சகதியில் தள்ள முடியாது. 12.8 வோல்ட்டில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். தள்ளுவண்டிக்கு சைக்கிள் சக்கரம் போதும் என்கிறார் தம்பி, மீன் வண்டிச் சக்கரம்தான் வேண்டும் என்கிறான் வள்ளத்துப் பையன். பின்கதவுக் கீலை இரண்டாம் முறையாக மாற்றியாகிவிட்டது. நேற்றுப் பார்த்தேன், மறுபடி பழுப்பு பூக்கத் தொடங்கியிருக்கிறது.